ரகசியத்தை யார் சுமக்கச் சொன்னது?

பெண்களிடம் ரகசியம் தங்காது என்பது நம் ஊரின் மிகப் பழைய வசைகளில் ஒன்று. மகாபாரதத்தில் அதற்கு ஒரு மூலக்கதையே இருக்கிறது. போர் முடிந்த பிறகு கர்ணன் தன் அண்ணன் என்று தெரிந்துகொள்ளும் தருமன், அதை மறைத்துவிட்டாள் என்று குந்திமேல் சினந்து, இனி எந்தப் பெண்ணாலும் ரகசியம் காக்க முடியாமல் போகட்டும் என்று பெண்குலத்துக்கே சாபமிடுகிறான். கணக்கைப் பாருங்கள். மணமாகாத ஒரு சிறுமியிடம் மந்திரத்தைக் கொடுத்தவர் துர்வாசர். பிள்ளையைக் கொடுத்தவன் சூரியன். பெற்றதை ஆற்றில் விட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காமல் சுமந்தவள் குந்தி. சாபம் மட்டும் நம் எல்லோருக்கும். அதுவும், ரகசியத்தைக் காத்ததற்காக விழுந்த சாபம்! காத்தாலும் குற்றம், சொன்னாலும் குற்றம்.

இந்த வழக்கு இன்றும் முடியவில்லை. குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூனில்கூட நடந்துகொண்டிருக்கிறது. ‘மிராக்குலஸ்’ என்ற பிரெஞ்சு அனிமேஷன் தொடர் 2015இல் தொடங்கியது. பாரிஸில் பள்ளிக்குப் போகும் மாரினெட் என்ற பெண், ஆபத்து வரும்போது லேடிபக் என்ற சாகச வீராங்கனையாக மாறி ஊரைக் காப்பாற்றுவாள். தான் யார் என்று ஒருவருக்கும் சொல்லக் கூடாது. அந்தத் தொடரின் நான்காவது பருவத்தில், 2021இல் வந்த ‘கேங் ஆஃப் சீக்ரெட்ஸ்’ என்ற பகுதியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

மாரினெட் வாடிப்போயிருக்கிறாள். காரணம் கேட்டுத் தோழிகள் வீடு தேடி வருகிறார்கள். அவளால் சொல்ல முடியாது. அவர்கள் விடாமல் கேட்கிறார்கள், அவள் கோபத்தில் விரட்டுகிறாள். நம்மை நம்பவில்லையே என்று அவர்கள் நொந்துபோகும் அந்த நேரத்துக்காகவே ஒருவன் காத்திருக்கிறான். அவன் கேப்ரியல் அக்ரெஸ்ட், பெரிய ஆடை வடிவமைப்பாளர். இருட்டறையில் நின்றபடி, ஊரில் யார் மனம் உடைகிறதோ அங்கே ஒரு கரிய வண்ணத்துப்பூச்சியை அனுப்புவான். உடைந்தவர்கள் வில்லிகளாவார்கள். இந்த முறை அவனுக்கு ஒரு தோழிக் கூட்டமே கிடைக்கிறது.

நட்பில் ஒளிவுமறைவு கூடாது என்பதுதான் இந்தக் கதையின் பாடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் மறுக்கிறேன். அடையாளத்தை யாருக்கும் சொல்லாதே என்று மாரினெட்டுக்குக் கற்பித்தவர் மாஸ்டர் ஃபூ என்ற முதியவர். மூன்றாம் பருவத்தின் முடிவில் அவர் தன் பொறுப்பு முழுவதையும் இந்தச் சிறுமியின் தலையில் வைத்துவிட்டு, நினைவிழந்து விலகிப்போகிறார். ஆக ஒரு பெரியவர் ரகசியத்தைச் சுமத்துகிறார், இன்னொரு பெரியவர் அதனால் வரும் விரிசலில் லாபம் பார்க்கிறார். நடுவில் சண்டை போட்டுக்கொள்பவர்கள் பெண்பிள்ளைகள். பிறகு, பெண்ணுக்குப் பெண்தான் எதிரி என்று நமக்கே சொல்லிக்கொடுப்பார்கள்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மாணவிகள் சிலரோடு விடுமுறை நாட்களில் உட்கார்ந்து வாசிப்பதும் படம் பார்ப்பதும் என் வழக்கம். எல்லாரும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பெண்கள். இந்தப் பகுதியை மடிக்கணினியில் போட்டு, இடையிடையே நிறுத்தித் தமிழில் சொன்னேன். முடிந்ததும் விவாதம் தொடங்கியது.

“கூட்டாளிங்ககிட்ட சொல்லியிருக்கணும்க்கா.”

“சொன்னா? நாலு பேருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்.”

அதுவரை பேசாதிருந்த ஒருத்தி சொன்னாள்: “எங்கூட படிச்சவளுக்குப் பரிசம் போட்டாங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. நா சொல்லல. அப்புறம் அவ பள்ளிக்கூடத்துக்கே வரலக்கா.”

அதற்கு மேல் யாரும் கார்ட்டூனைப் பற்றிப் பேசவில்லை.

அவளிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை? அவள் 1098க்கு அழைத்துச் சொல்லியிருந்தால் கேள்வி மாறியிருக்கும்: கூடப் படித்தவளையே காட்டிக்கொடுத்தாயா? அவளும் ஒரு குந்திதான்.

இந்தக் கேள்வியைச் சட்டம்கூடக் கேட்பதில்லை. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், தடுக்கும் வேலையை அதற்கென்று நியமிக்கப்படும் அலுவலரிடம் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலருக்கு அந்தப் பொறுப்பு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஒரு குழந்தைக்குப் பாலியல் வன்கொடுமை நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ புகார் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. தெரிந்தும் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி தண்டனை. ஆனால் அதே 21ஆம் பிரிவு, மறைத்தவர் குழந்தையாக இருந்தால் இந்தத் தண்டனை பொருந்தாது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. பதினைந்து வயதுப் பெண்ணின் தோளில் இந்தச் சுமை ஏறக் கூடாது என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

ஒரு பெண் பள்ளிக்கு வருவது நின்றால் முதலில் யாருக்குத் தெரியும்? வருகைப் பதிவேட்டை வைத்திருப்பவருக்கு. பத்திரிகை அடித்தவருக்கு, பந்தல் போட்டவருக்கு, தாலி விற்றவருக்கு, விருந்து சாப்பிட்ட ஊர்ப் பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும். அவர்களில் ஒருவரையும் நிறுத்தி, ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டோம். தோழியைக் கேட்போம்.

இதோடு, பெண்பிள்ளைகளை ஒருவருக்கொருவர் உளவாளிகளாக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. யார் யாரிடம் பேசுகிறாள், யாருக்கு போன் வருகிறது என்று வந்து சொல்பவள் நல்ல பெண். சொல்லாதவள் கூட்டுக்களவாணி. வீட்டில் ஏதாவது என்றால் “சேர்க்கை சரியில்லை”. இப்படி வளர்த்துவிட்டு, ஆபத்து வந்தால் மட்டும் மனம்விட்டுப் பேசுங்கள் என்கிறோம். எந்தப் பேச்சும் தண்டனையில் போய் முடியும் இடத்தில் வாயை மூடிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். மௌனத்தைப் பழக்கியவர்களே அதை நம்பிக்கைத் துரோகம் என்று திட்டுவது என்ன நியாயம்?

அப்படியானால் ரகசியம் காப்பது நல்லதா என்று கேட்பீர்கள். ஒரு பெண்ணின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்வதற்குப் பாதுகாப்பான ஓர் இடம் வேண்டும். சொன்னவள் பெயர் வெளியே போகாது, சொல்லப்பட்டவளின் படிப்பு நிற்காது என்ற உறுதியை முதலில் பெரியவர்கள் தரவேண்டும். நம்பிக்கை அதற்குப் பிறகுதான் வரும்.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லவேண்டும். ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே சென்னைக்குப் போய்த் தேர்வெழுதி உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். 2024இல் அந்தச் செய்தி வந்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் ஒருத்தியைச் சாகச வீராங்கனையாக்கிவிட்டு, மற்றவர்களிடம் உன்னால் மட்டும் ஏன் முடியவில்லை என்று கேட்கும் குரல்களும் கூடவே வந்தன. பச்சை உடம்போடு ஒரு பெண் பயணம் செய்யவேண்டி வந்ததே, தேர்வு நடத்தியவர்கள் அதற்கு என்ன ஏற்பாடு வைத்திருந்தார்கள் என்று கேட்ட குரல் எத்தனை?

அந்தக் கார்ட்டூன் பகுதியின் முடிவில், தாங்க முடியாமல் மாரினெட் தன் தோழி ஆல்யாவிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறாள். கிழவர் விதித்த விதியை மீறித்தான் சொல்கிறாள். அங்கே எங்கள் பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஆனால் இருட்டறையில் கேப்ரியல் அப்படியே இருக்கிறான். இப்போது ஒரே சுமையை இரண்டு சிறுமிகள் தூக்குகிறார்கள்.

தோழிகளே, மாணவிகளே, அடுத்த முறை யாராவது உங்களிடம் “நீ ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டால் தலைகுனியாதீர்கள். “உங்களுக்கும் தெரியுமே, நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று திருப்பிக் கேளுங்கள்.