வகுப்பறையில் வீடியோ: செயலி கடைசியில் வரட்டும்

"ஸ்கூல்ல பிள்ளைங்களையே வீடியோ பண்ணச் சொல்றாங்க டாக்டர், இது தேவையா?" என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள்.

தேவைதான். ஆனால் வீடியோ செய்யும் செயலியைக் கடைசியில் கையில் கொடுங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

1) பாடத்தை வீடியோவில் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். அதையே அடுத்தவருக்குச் சொல்ல வாயைத் திறந்தால்தான் எங்கே இடிக்குதுன்னு தெரியும். 2013ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்கு டாப்ளர் விளைவு பற்றிய பாடத்தைக் கொடுத்தார்கள். படித்துவிட்டு அதைக் கேமரா முன் நடத்திக் காட்டியவர்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வெறுமனே படித்தவர்களை விட நன்றாக எழுதினார்கள்.

2) சரி, நம்ம ஊர் உதாரணம் ஒன்று. 8ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு "பாம்பு கடித்தால் என்ன செய்வது?" என்று 90 விநாடி வீடியோ செய்யும் வேலை கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது. இந்த மூன்றையும் சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கு. மூன்றுமே தப்பு.

கொலுசு, மோதிரத்தைக் கழற்ற வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்கக் கூடாது. நடக்க விடக் கூடாது. 108க்குப் போன் செய்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். இதுதான் சரி.

கட்டுவிரியன் இன்னும் மோசம். தரையில் படுத்துத் தூங்குபவரை ராத்திரியில் கடிக்கும். பெரிய வலியோ வீக்கமோ இருக்காது. பல நேரம் கடித்த தடம்கூடத் தெரியாது. விடியும்போது வயிற்று வலி என்பார், கண் இமை சொருகும். இதைத் தன் வாயால் நாலு தடவை சொல்லிப் பழகிய பிள்ளை, வீட்டில் யாராவது கயிறைத் தேடும்போது "வேண்டாம்ப்பா, வண்டிய எடு" என்று சொல்லும். ஓர் உயிர் மிஞ்சும்.

3) இப்போ பிரச்சினைக்கு வருவோம். தலைப்பை மட்டும் டைப் செய்தால் படம், குரல், இசை என்று முழு வீடியோவையும் கொடுத்துவிடும் ஏ.ஐ. கருவிகள் வந்துவிட்டன. ஐந்து நிமிஷத்தில் வேலை முடிஞ்சிடும். பிள்ளை கத்துக்கிட்டது பூஜ்ஜியம். அந்த வீடியோவில் ஒருவர் விஷத்தை உறிஞ்சுகிற மாதிரி படம் வந்தால், அது தப்புன்னு அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும். "ஸ்கூல்ல பண்ணதாச்சே" என்று நம்புவார்கள்.

4) அதனால் ஆசிரியர்களே, மூன்று பீரியடாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பீரியட்: விஷயத்தைப் படித்து, பேசி, சந்தேகம் கேட்பது.

இரண்டாவது: பேப்பரில் கட்டம் போட்டு, எந்தப் படத்துக்கு எந்த வசனம் என்று பிள்ளைகளே எழுதுவது. உடல்நலத் தலைப்பு என்றால் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரு முறை காட்டிடுங்க.

மூன்றாவது: இப்போதுதான் கேன்வாவோ வேறு செயலியோ. ஒன்றும் இல்லையென்றால் பவர்பாயின்டில் செய்து வீடியோவாகச் சேமித்தாலே போதும். ஐந்து பேருக்கு ஆசிரியரின் ஒரு போன் போதும். குரல் பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

5) பின்னணி இசைக்கும் பறக்கும் எழுத்துக்கும் மார்க் போடாதீங்க. பாடத்துக்குச் சம்பந்தமில்லாத அலங்காரம் கூடக் கூட, கற்பது குறைகிறது என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். தகவல் சரியா, சொன்னது புரியுதா, இந்த இரண்டுக்குத்தான் மார்க்.

6) பிள்ளையின் முகம், பெயர், பள்ளிச் சீருடை எதுவும் பொதுவெளிக்குப் போக வேண்டாம். கை, படம், குரல் போதும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைச் செயலிகள் திரட்ட, பெற்றோரின் சம்மதம் தேவை என்று 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பிள்ளைகள் பெயரில் கணக்குத் தொடங்கச் சொல்லும் முன் பெற்றோரிடம் கேளுங்கள்.

7) "போன் கொடுத்தா பழகிடுமே" என்ற பயம் நியாயமானது. ஆனால் பிள்ளை மணிக்கணக்கில் ரீல்ஸ் தள்ளுவதும், 90 விநாடிக்காக இரண்டு பீரியட் யோசித்து எழுதுவதும் ஒன்றா?

தலைப்புக்கும் பஞ்சமில்லை. நாய் கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுவது. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைப்பது. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைப்பது.

பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள். பிள்ளை வீடியோ கொண்டு வந்தால், "சூப்பர்" என்று லைக் போட்டுவிட்டுப் போயிடாதீங்க. போனை ஓரமா வெச்சிட்டு, "எனக்கு வாயால சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்க. தடுமாறாமல் சொன்னால், அந்த வீடியோ வேலை செய்திருக்கு.