கண் தெரியாதவருக்கு வேண்டியது பிச்சையா, உரிமையா?

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறியவர்கள் யாவரும் கண் தெரியாத தோழர்கள் சாமான் விற்பதைப் பார்த்திருப்பார்கள். கையில் வெள்ளைக் கோல், தோளில் ஒரு பை. பேனாவும் ஊக்கும் கடலை மிட்டாயும் கூவி விற்றுக்கொண்டு பெட்டி பெட்டியாய்ப் போகிறார்கள். சில நாட்களுக்கு முன் நாம் கண்ட காட்சி இது: நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு பெரிய மனிதர், கடலை மிட்டாய் விற்ற தோழரின் கையில் இரண்டு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு, "எல்லாம் போன ஜென்மத்துப் பாவம்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அந்தத் தோழர் நாணயத்தைத் தடவிப் பார்த்து, "ஐயா, பொட்டலம் பத்து ரூபாய். வேண்டுமானால் வாங்குங்கள், இல்லாவிட்டால் இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பிக் கொடுத்தார். பெரிய மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணைப் பிடுங்கின ஆண்டவன் திமிரைப் பிடுங்கவில்லையே" என்றார்.

தோழர்களே! இதில் பிச்சைக்காரர் யார்? வியாபாரம் செய்தவரா? இரண்டு ரூபாய்க்குப் புண்ணியம் வாங்கப் பார்த்தவரா?

நிற்க. போன ஜென்மத்துப் பாவம் என்கிறார்களே, அதைச் சற்று விசாரிப்போம். நம் நாட்டில் பார்வை போவதற்கு முதற்காரணம் கண்புரை. 1819ஆம் வருஷத்தில் ஏற்பட்ட எழும்பூர் சர்க்கார் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். புரையை எடுத்து வில்லையை வைத்து அனுப்புகிறார்கள்; கோல் ஊன்றித் தடவிவந்த கிழவர் பேரனின் முகத்தைப் பார்க்கிறார். ஆண்டவன் விதித்த தண்டனையை ஒரு டாக்டர் ஒரு மணி நேரத்திற்குள் ரத்துச் செய்வாரானால் இருவரில் பெரியவர் யார்? சத்துக் குறைவால் கண்ணிழக்கும் குழந்தை செய்த பாவம், கீரைக்கும் பாலுக்கும் வழியில்லாத வீட்டில் பிறந்தது தானே? அக்காள் மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாய்க் கட்டிக்கொண்டால் பரம்பரைக் கண்ணோய் வருவதற்கு இடம் அதிகம் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். இது முன்ஜென்ம வினையா, இந்த ஜென்மத்து அறியாமையா?

பிரெஞ்சு தேசத்து லூயி பிரெயில் சிறு குழந்தையாய் இருக்கும்போது தகப்பனாரின் பட்டறையில் ஊசி குத்திக் கண்ணிழந்தவர். விதியென்று அவர் மூலையில் உட்காரவில்லை. 1824இல், தம் 15ஆம் வயதில், ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் படிக்கும் எழுத்தைக் கண்டுபிடித்தார். அந்த எழுத்தில்தான் இன்று தமிழும் அச்சாகிறது. நமக்கு அடுத்த பூவிருந்தவல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சர்க்கார் பள்ளிக்கூடமும் இருக்கிறது. முழுதும் பார்வையில்லாத சென்னைப் பெண் பெனோ ஜெபைன் 2015இல் இந்திய வெளிநாட்டு உத்தியோகத்தில் சேர்ந்தார். அவரை அங்கே சேர்த்தது அர்ச்சனையா, படிப்பா?

சட்டமும் இல்லாமலில்லை. 2016ஆம் வருஷத்துச் சட்டப்படி சர்க்கார் உத்தியோகத்தில் நூற்றுக்கு 4 இடம் மாற்றுத் திறனாளிகளுக்கு. அதில் 1 இடம் பார்வையில்லாதவருக்கும் குறைந்தவருக்கும். பொதுக் கட்டிடங்களை இவர்கள் புழங்கும்படி ஐந்து வருஷத்தில் திருத்த வேண்டும் என்றும் அது சொல்லுகிறது. விதிகள் வந்தது 2017இல். கெடு முடிந்தது 2022இல். வெறும் யோசனைபோல் எழுதிய விதி செல்லாது, கட்டாய விதி செய்யுங்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 நவம்பரில் உத்தரவிட்டது. பார்வையில்லை என்பதற்காக நீதிபதி உத்தியோகத்தை மறுக்கக்கூடாதென்று 2025 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது.

நீதிபதி ஆசனத்தில் உட்காரலாம். ஆனால் அந்த ஆசனம்வரை நடந்துபோவது எப்படி? தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முனிசிபாலிட்டிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர் பெரிதாயிற்று. கண்ணைக் கட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டு நடைபாதையில் நூறு அடி நடந்து பாருங்கள், தெரியும். கடை, கடைக்கு முன் மோட்டார் சைக்கிள், மூடாத பள்ளம், இவற்றுக்கு நடுவே ஒரு பிள்ளையார்! வழியை மறித்துக் கோவில் கட்டுகிற பக்தரே, அமாவாசையன்று கண் தெரியாதவருக்கு அன்னதானமும் செய்கிறார்.

நம்மவர்களையும் ஒன்று கேட்கின்றோம். தலைவர் பிறந்த நாளென்று பார்வையற்றோர் விடுதியில் பிரியாணி போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோமே, திதிக்குச் சோறு போடுகிறவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? மற்ற 364 நாளும் அவர்கள் வயிறு என்ன செய்யும்?

ஆகையால் தோழர்களே, ரயிலில் சாமானை வாங்கி முழு விலையைக் கொடுங்கள். பார்வையில்லாத பிள்ளை வீட்டிலிருந்தால், ஜோசியனிடம் கொண்டுபோகாமல் டாக்டரிடமும் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோங்கள். உங்கள் வார்டு கவுன்சிலரை மறித்து நடைபாதை எங்கே என்று கேளுங்கள். கண் தெரியாதவர் நம்மிடம் இரக்கம் கேட்கவில்லை; வழியைத்தான் விடச் சொல்லுகிறார். அதை விடுவதற்கு நமக்கு எந்த ஜென்மத்துப் பாவம் தடை?