வீடு திரும்பினால் போதுமா?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை. திருப்பதியில் அரசு ரூயா ஆஸ்பத்திரி இருக்கிறது. 1993-இல் திறக்கப்பட்ட ஸ்விம்ஸ் இருக்கிறது. எலும்பு, மூட்டு நோய்களுக்குத் தேவஸ்தானத்தின் பர்டு ஆஸ்பத்திரி இருக்கிறது. சித்தூரில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் வேலூர் சி.எம்.சி. போய்ச் சேரலாம். புத்தூர் கட்டுக்கோ தமிழ்நாட்டிலிருந்தே ஜனங்கள் வருகிறார்கள்.

குறை சிகிச்சையில் இல்லை. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் குறை தொடங்குகிறது.

சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த கொத்தனாரையும், பக்கவாதம் வந்த குமாஸ்தாவையும் எடுத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பிவிடுகிறார்கள். கையில் மருந்துச் சீட்டு; ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. வீட்டில் மனைவி சோறு ஊட்டுகிறார், மகன் தூக்கி உட்கார வைக்கிறான். நோயாளி விரலை அசைக்காமல் எல்லாவற்றையும் செய்து கொடுப்பதே நல்ல கவனிப்பு என்று எல்லோரும் நம்புகிறார்கள். பாசம் குறைவில்லை. ஆனால் படுத்தே கிடந்தால் தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, படுக்கைப் புண் வருகிறது. மீண்டும் நடந்திருக்கக்கூடியவர் நிரந்தர நோயாளி ஆகிவிடுகிறார். அவர் கூலியும் போகிறது. அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருப்பவரின் கூலியும் போகிறது.

பணம் உள்ளவர்கள் ஏஜென்சி மூலம் ஆள் வைக்கிறார்கள். அங்கே நாள் கணக்கில் சம்பளம். நோயாளி சீக்கிரம் எழுந்துவிட்டால் ஆளுக்கு வேலை இல்லை. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் நோயாளியை நடக்க வைக்கும் அக்கறை எங்கிருந்து வரும்?

இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இத்தகைய மறுபயிற்சி உதவியை ஆறு வாரம் வரை கட்டணமின்றி வழங்குகிறார்கள். வீட்டுக்கு வருபவர் சட்டை மாட்டி விடுவதில்லை. நோயாளியே மாட்டிக்கொள்ளப் பழக்குகிறார். நாளாக ஆக உதவி குறைகிறது. உதவி தேவைப்படாமல் போவதே அதன் வெற்றி.

நல்ல வீட்டுக் கவனிப்பை அறிய நான்கு கேள்விகள் போதும். எத்தனை வாரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று முதல் நாளே இலக்கு வைத்தார்களா? அது நோயாளியே விரும்பும் இலக்கா? தானாகக் கழிப்பறை போவது ஒருவருக்குப் பெரிது. மீண்டும் கடையில் உட்காருவது இன்னொருவருக்குப் பெரிது. ஒரே ஆள் தொடர்ந்து வருகிறாரா, நாளுக்கொரு புது முகமா? சென்ற வாரம் முடியாதது இந்த வாரம் முடிகிறதா என்று யாராவது எழுதி வைக்கிறார்களா?

ஐந்தாவது கேள்வி ஒன்று இந்த வட்டாரத் தமிழர்களுக்கு உண்டு. பயிற்சியைச் சொல்பவர் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்கிறாரா? கடைத்தெருத் தெலுங்கு வேறு. எந்தக் காலில் எவ்வளவு பாரம் போடலாம் என்று சொல்லும் தெலுங்கு வேறு. ஒரு வார்த்தை தவறாகப் புரிந்தால் மறுபடி விழ நேரிடும்.

வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் இதைச் சோதித்து, 2017-இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். குடும்பத்தாருக்குப் பயிற்சி அளித்த பிரிவிலும், வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவிலும், ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்ந்தவர்களும் சேர்ந்து ஒரே மாதிரி 47 சதவீதம். குடும்பத்தின் துணை வேண்டும்தான். ஆனால் தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலையைக் குடும்பத்தின் தலையில் கட்டுவது பலன் தராது என்பதே இதன் பாடம்.

பக்கத்து வேலூரில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மையம் அமைய அவரே காரணம். தக்க பயிற்சி கிடைத்தால் முடங்கியவரும் வேலைக்குத் திரும்பலாம் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையோடு பிசியோதெரபியையும் வீட்டுக்குக் கொண்டுபோக வகை செய்தது. ஆந்திராவில் 2023 ஏப்ரலில் தொடங்கிய குடும்ப டாக்டர் திட்டம், டாக்டர் கிராமத்துக்கு வந்து படுக்கையில் கிடப்பவரை வீட்டிலேயே பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. டாக்டர் வந்த வழியில் பிசியோதெரபி நிபுணரும் வர வேண்டும். அதுவும் முதல் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும். ஆறு மாதம் கழித்து வந்து பயன் என்ன?

இ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாக 70 சதவீதக் கூலி ஆண்டுக்கு 91 நாள் வரைதான். அந்த நாட்கள் படுக்கையில் கரையக் கூடாது. ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும்போதே, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதிக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் விழா மேடைக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை ஒதுக்கி, நடைச்சட்டமும் சக்கர நாற்காலியும் வாங்கி இரவலாகக் கொடுக்கலாம்.

உயிர் பிழைத்தவர் சொந்தக் காலில் நின்றால்தான் அந்தக் குடும்பம் பிழைக்கும். அதற்கு உரிய ஏற்பாட்டைச் செய்வது அரசின் கடமை. கேட்டுப் பெறுவது மக்களின் கடமை.