டிஸ்கோ இரவல் சரக்கா?

தற்காலத் தமிழ்த் திரையிசையில் டிஸ்கோ, ஃபங்க் என்னும் இருவகைத் தாள இசையின் சாயல் மீண்டும் ஓங்கியிருப்பதைக் குறித்து, இசை விமர்சகர் சிலரும் ரசிகர் பலரும் ஏறத்தாழ ஒரே தீர்ப்பைச் சொல்லி வருகின்றனர். அது மேற்கிலிருந்து பம்பாய் வழியாகச் சுற்றி வந்த இரவல் என்பதும், மேலைநாட்டிலேயே 1979இல் செத்துப்போன இசை என்பதும், கருவி தட்டும் ஓசையேயன்றி இசையன்று என்பதும், பெருநகர இரவு விடுதிக்கு உரியதாகையால் கொங்கு நாட்டுத் தாராபுரம் போன்ற ஊர்களுக்கு ஒட்டாது என்பதும், பழையதைச் சூடாக்கிப் பரிமாறும் சோம்பல் என்பதும் அத்தீர்ப்பின் உறுப்புகள். காலவரிசையையும் இசையின் கட்டமைப்பையும் கேட்பவரின் வாழ்க்கையையும் வைத்து உரசிப் பார்க்கும்போது இவற்றுள் பெரும்பாலானவை நிற்பதில்லை.

வாதத்தில் இறங்குமுன் சொற்களுக்குப் பொருள் வரையறுத்துக்கொள்வது நல்லது. டிஸ்கோ என்பது 1970களின் தொடக்கத்தில் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா ஆகிய அமெரிக்க நகரங்களில் உருப்பெற்ற நடன இசை. டிரம் கலைஞர் காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய முரசு ஒரு சுற்றின் நான்கு அடிகளிலும் சமமாக விழுவதும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 முதல் 130 அடி வரை வேகம் குலையாமல் ஓடுவதும் அதன் அடையாளம். ஃபங்க் அதற்குச் சற்று மூத்தது. 1960களின் நடுவில் ஜேம்ஸ் பிரவுன் வார்த்தெடுத்த அவ்விசையில் சுற்றின் முதல் அடிக்கே முழு அழுத்தமும் கொடுக்கப்பட, மற்ற அடிகளின் இடுக்குகளில் கிட்டாரும் ஊதுகருவிகளும் வெட்டி வெட்டி நுழையும். இரண்டிலும் பாட்டை நடத்திச் செல்வது, தடித்த நரம்புகளில் தாழ்ந்த சுரங்களை மட்டும் வாசிக்கும் பேஸ் கிட்டார். கருநாடக இசையின் சொற்களில் கூறினால் இரண்டுமே ஓர் அடியை நான்காகப் பகுக்கும் சதுஸ்ர நடையைச் சேர்ந்தவை.

பம்பாய் வழி வந்தது என்ற கூற்றை ஆண்டுக் கணக்கே மறுக்கிறது. இந்தியில் டிஸ்கோ அலையை எழுப்பியதாகச் சொல்லப்படும் ‘குர்பானி’ வெளிவந்தது 1980இல். நாசியா ஹசனின் ‘டிஸ்கோ தீவானே’ 1981. பப்பி லஹிரி இசையமைத்த ‘டிஸ்கோ டான்சர்’ 1982. தமிழிலோ இளையராஜாவின் ‘ப்ரியா’ 1978இலும், கே. பாலசந்தர் இயக்கத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்த ‘நினைத்தாலே இனிக்கும்’ 1979இலும் வந்துவிட்டன. பின்னதில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய ‘எங்கேயும் எப்போதும்’ பாடலில், இசைக்குழு ஒன்றின் மேடைக்கே உரிய பேஸும் டிரம்மும் பாட்டின் முதுகெலும்பாக நின்றன. 2007இல் ‘பொல்லாதவன்’ படத்துக்காக அது மீண்டும் கலவை செய்யப்பட்டது. பம்பாயிலிருந்து நேராக வந்த ‘டிஸ்கோ டான்சர்’ கதை, ஆனந்த் பாபு நடிக்க ‘பாடும் வானம்பாடி’யாகத் தமிழில் எடுக்கப்பட்டது 1985இல்தான், அதற்குள் தமிழில் இவ்வகைப் பாடல்கள் ஒரு பருவம் முழுதும் விளைந்திருந்தன. ‘குர்பானி’யின் புகழ்பெற்ற பாடலுக்கு இசையமைத்த பித்து, பெங்களூரில் வளர்ந்து 1960களில் லண்டன் சென்றவர் என்பதும், 1974இல் கார்ல் டக்ளஸ் பாடி உலகெங்கும் ஓடிய ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ அவர் தயாரிப்பே என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவை. டிஸ்கோ மேற்கில் முளைவிட்ட நாள்களிலேயே அதில் தென்னிந்தியக் கை ஒன்று கலந்திருந்தது.

இரவல் என்ற குற்றச்சாட்டு இதனால் முழுதும் விலகிவிடுமா என்றால், விலகாது. ‘ப்ரியா’வில் பி. சுசீலா பாடிய ‘டார்லிங் டார்லிங்’ பாடலில் போனி எம் குழுவின் ‘சன்னி’யின் சாயல் வெளிப்படையாகத் தெரிகிறது, அதை மறைப்பது வீண். ஆனால் அந்தச் ‘சன்னி’யும் போனி எம்முக்குச் சொந்தமானதன்று, பாபி ஹெப் 1966இல் பாடிய பாடலைப் பத்தாண்டு கழித்து எடுத்து டிஸ்கோவாக மாற்றியவர்கள் அவர்கள். டிஸ்கோவின் வரலாறே இப்படிக் கைமாறிய சரக்கின் வரலாறு. சிக் குழுவுக்காக பெர்னார்ட் எட்வர்ட்ஸ் 1979இல் வாசித்த ‘குட் டைம்ஸ்’ பாடலின் பேஸ் வரி அதே ஆண்டில் ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாடலுக்கு அடித்தளமாயிற்று. மறு ஆண்டு குயீன் குழுவின் பாடலொன்றிலும் அதன் எதிரொலி கேட்டது. மூலத்தில் தவறில்லை, தமிழில் மட்டும் தவறு என்பது எந்த நியாயத்தில் சேரும்? மேலும் சரக்கு ஒரு திசையில் மட்டும் போகவில்லை. 1985இல் வந்த ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ என்னும் பக்திப் படத்தின் ‘உனக்கும் எனக்கும்’ பாடலை அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு 2003இல் தன் ‘எலிஃபங்க்’ இசைத்தொகுப்புக்கு எடுத்துக்கொண்டது. ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த எம்.ஐ.ஏ. என்னும் மாதங்கி அருள்பிரகாசம் 2007இல் வெளியிட்ட ‘கலா’ தொகுப்பில், ‘டிஸ்கோ டான்சர்’ படத்தின் பாடலொன்று மறுபிறவி எடுத்தது. ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ இன்னொரு பாட்டுக்குள் புகுந்தது. சென்னையில் பதிவான உருமி மேளமும் அத்தொகுப்பில் அதிர்ந்தது.

இங்கே எதிர்த்தரப்பினரிடமன்று, டிஸ்கோவின் ஆதரவாளர்களிடம் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்முடைய குத்துத்தான் அவர்களுடைய டிஸ்கோ என்று மேடைகளில் முழங்கப்படுவதுண்டு. இது காதால் கேட்டுச் சொன்ன கருத்தாகத் தெரியவில்லை. குத்துப்பாட்டின் தாளம் பெரும்பாலும் அடியை மூன்றாகப் பகுக்கும் திஸ்ர நடையில் உருண்டு செல்வது. டிஸ்கோவோ நான்காகப் பகுத்து நேராக நடப்பது. உருமிக்கு ஆடிப் பழகிய காலை டிஸ்கோவுக்கு வைத்தால் இடறும். ஒற்றுமை வேறோர் இடத்தில் இருக்கிறது. கொங்கு நாட்டு வள்ளி கும்மியில் வட்டமாக நிற்பவர்களின் அடிவைப்பும் கைத்தட்டுமே தாளக்கருவி. பாடல் வரிகள் மாறிக்கொண்டே போக, ஒரே தாளச் சுற்று நெடுநேரம் திரும்பத் திரும்ப வந்து ஆடுவோரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். ஜமாப் எனப்படும் மேளக் குழுக்களும் ஒரு சுற்றைப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் ஒவ்வொரு மேளமாக ஏற்றி, ஆட்டக்காரரின் கால் சூடேறும்வரை விடுவதில்லை. கும்மி போகப் போக வேகம் ஏறும், டிஸ்கோ ஏறாது என்ற வேறுபாட்டை ஒதுக்கிவைத்தால், கைத்தட்டோசையை இசைத்தட்டுகளில் அடுக்கடுக்காகப் பதித்த அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் நோக்கமும் இதுவே. ஆகவே இங்குள்ள செவிக்கு நடை புதிது, முறை பழகியது. 1986இல் வந்த ‘விக்ரம்’ படத்தின் ‘என் ஜோடி மஞ்சக் குருவி’ இந்தச் சந்திப்பை நன்கு காட்டும்: சொல்லும் மெட்டின் வளைவும் ஊர்ப்பாட்டினுடையவை, அடியில் ஓடுவது மின்னிசைத் துடிப்பு. 2025இல் ‘குட் பேட் அக்லி’ அப்பாடலை மீண்டும் கையாண்டபோது, அதை நியூயார்க் நினைவாகக் கேட்ட தமிழர் எவரும் இருந்திருக்க மாட்டார்.

1979இல் செத்துப்போன இசை என்ற கூற்று ஓர் உண்மை நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களின் இடைவேளையில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததால் இரண்டாம் ஆட்டம் நடைபெறவேயில்லை. தகர்ந்தது பெயர் மட்டுமே. அதே சிகாகோவில் சில ஆண்டுகளுக்குள் ஹவுஸ் என்னும் பெயரோடு அவ்விசை எழுந்தது. தமிழிலோ அது செத்ததாகச் சொல்லப்படும் ஆண்டில்தான் அதன் செழுமைக் காலம் தொடங்குகிறது.

கருவி தட்டும் ஓசை என்னும் பழியில் பாதி அறியாமை. டிஸ்கோ அடியை வகுத்தவராகக் கருதப்படும் ஏர்ல் யங், ஃபிலடெல்ஃபியாவில் வயலின்களும் ஊதுகருவிகளும் சூழ இருந்த பெருங்குழுவொன்றில் கையாலும் காலாலும் வாசித்த டிரம் கலைஞர். பீ ஜீஸ் குழுவின் ‘ஸ்டேயிங் அலைவ்’ பாட்டில் ஒரே அடி துல்லியமாகத் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், டிரம் கலைஞர் குடும்பத்தில் நேர்ந்த மறைவால் ஊருக்குச் சென்றுவிட, முன்பே பதிவான வேறொரு பாட்டின் சிறு துண்டு ஒலிநாடாவை வட்டமாக ஒட்டிச் சுழலவிட்டதே. அந்த வட்டத்திலும் சுற்றியது மனிதக் கை. இயந்திரத்தையே நம்பி 1977இல் ஜோர்ஜியோ மொரோடர் உருவாக்கிய ‘ஐ ஃபீல் லவ்’ போன்றவை அந்நாளில் விதிவிலக்கு. தமிழில் இளையராஜாவின் 1980களின் முற்பகுதிப் பாடல்கள் இன்னும் தெளிவான மறுப்பு. புருஷோத்தமனின் டிரம், சதானந்தத்தின் கிட்டார், விஜி மேனுவலின் கீபோர்டு, சசிதரனின் பேஸ், இவற்றோடு வயலின் வரிசை என்று கூடத்தில் அனைவரும் ஒருசேர அமர்ந்து வாசித்த முறை அது. ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்பெயர்கள் படத்தின் எழுத்தோட்டத்தில் அரிதாகவே வந்தன என்பது தனியே எழுதத்தக்க குறை.

பழியின் மறுபாதியில் உண்மை உண்டு. இன்றைய பாடல்கள் பலவற்றில் பேஸ் வரி இரண்டு சுற்றுக்கு எழுதப்பட்டு, கணினியில் நகலெடுத்து இறுதிவரை ஒட்டப்படுகிறது. இளையராஜாவின் பேஸ் பல்லவியில் ஒன்று பேசினால் சரணத்தில் வேறொன்று பேசும். குரலுக்கு எதிராக நடந்து, வரியின் முடிவில் அதனோடு வந்து சேரும். அந்த நடமாட்டம் இல்லாமல் ஒலியின் மினுமினுப்பை மட்டும் எடுத்துக்கொண்ட பாட்டு சலிப்பூட்டத்தான் செய்யும். குறை டிஸ்கோவினுடையதன்று, அவசரத்தினுடையது.

ஊர்ப்புறத்துக்கு ஒட்டாது என்ற கூற்றே எல்லாவற்றிலும் பலவீனமானது. அதைச் சொல்வோர் டிஸ்கோவின் பிறப்பையும் அறியார், தாராபுரத்தையும் அறியார். அமெரிக்காவில் அதை வளர்த்தவர்கள் கறுப்பினத்தவர், லத்தீனோக்கள், தன்பாலின விருப்பினர் ஆகிய ஒதுக்கப்பட்டோர். செல்வர் வீட்டு இளைஞர் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். 1977இல் வந்து டிஸ்கோவை உலகெங்கும் கொண்டுசென்ற ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படத்தின் நாயகன், புரூக்ளினில் பெயிண்ட் கடையில் வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசிக்காகக் காத்திருக்கும் கூலிக்காரன்.

சனிக்கிழமைச் சம்பளம் என்பதன் பொருளைத் திருப்பூர் வட்டாரத்துக்கு விளக்க வேண்டியதில்லை. தாராபுரத்திலும் காங்கயத்திலும் இருந்து கம்பெனி வண்டிகளில் ஏறும் டெய்லர்கள், கட்டிங் மாஸ்டர்கள், செக்கிங் பெண்கள், தைத்த துணியை மடித்தும் எடுத்தும் கொடுக்கும் கைமடி ஆட்கள் ஆகியோரின் வாரம், பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட் கணக்கில் ஓடிச் சனிக்கிழமை இரவில் முடிகிறது. ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பண்பலைப் பாட்டு கேட்க வேண்டுமானால், நுண்ணிய கமகங்கள் அங்கே எடுபடா. முரசின் சமமான அடியும் தடித்த பேஸும்தான் இரைச்சலைத் துளைத்துக்கொண்டு வரும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு வேகம் குலையாத பாட்டு கைக்குத் துணை. இயந்திரத் துடிப்போடு நாள் முழுதும் உடலைப் பொருத்திக்கொள்ளும் மக்களுக்கு அடி பிசகாத இசை அந்நியமானது என்பது, அவர்களைக் கேட்காமலே எழுதப்பட்ட தீர்ப்பு.

கேசட் காலம் தொட்டு இவ்வட்டாரத் தனியார் பேருந்துகளின் பாட்டுப்பெட்டிகளும் கோயில் நோம்பி என்னும் திருவிழா மேடைகளின் பாட்டுக் கச்சேரிகளும் இவ்விசையைப் பரப்பியதில் எந்த விடுதிக்கும் குறைந்தவை அல்ல. திரைக்குப் பின்னணிப் பாடகராகத் தாராபுரம் சுந்தரராஜனை அனுப்பிய ஊர் இது. அவர் காலத்து மெல்லிசைக்கும் ‘சகலகலா வல்லவன்’ காலத்து அதிரடிக்கும் ஒரே மேடையில் இடம் கொடுக்க இங்குள்ள கச்சேரிக் குழுக்கள் தயங்கியதில்லை. வகை பிரித்துக் கேட்பது விமர்சகரின் தொழில். நோம்பிக் கூட்டத்துக்கு அது தேவைப்படவில்லை.

எஞ்சியிருப்பது பழையதைச் சூடாக்கிப் பரிமாறுதல் என்ற கூற்று. இது உலகப் பொதுவான போக்கு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்: சிக் குழுவின் நைல் ராட்ஜர்ஸை அழைத்துவந்து டாஃப்ட் பங்க் 2013இல் செய்த ‘கெட் லக்கி’, மார்க் ரான்சனும் புரூனோ மார்ஸும் 2014இல் தந்த ‘அப்டவுன் ஃபங்க்’, பி.டி.எஸ். குழுவின் 2020ஆம் ஆண்டு ‘டைனமைட்’ எல்லாம் ஒரே கிணற்று நீர். தமிழில் கிணறு வேறு என்பதே கவனிக்கப்படாத செய்தி. கொங்கு மண்ணைச் சேர்ந்த இயக்குநர் லோகேஷ் கனகராஜ் ‘கூலி’ படத்தின் பெயரை 2024 ஏப்ரலில் அறிவித்தபோது, இசையமைப்பாளர் அனிருத் எடுத்தாண்டது 1983இல் ‘தங்க மகன்’ படத்துக்காக எஸ்.பி. பாலசுப்ரமணியமும் வாணி ஜெயராமும் பாடிய ‘வா வா பக்கம் வா’வை. தமிழர் தம் சொந்தப் பழம்பாட்டிலிருந்து எடுத்த பின்பும் அதை மேற்கின் இரவல் என்பது கணக்குக்கு ஒவ்வாத பேச்சு.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது, அது உரிமம். ‘கூலி’ அறிவிப்புக்கு மறு மாதமே இளையராஜா தரப்பிலிருந்து தயாரிப்பு நிறுவனத்துக்கு வழக்கறிஞர் அறிவிப்புச் சென்றது. ‘அப்டவுன் ஃபங்க்’ விஷயத்தில் காப் பேண்ட் குழுவினரின் பழைய பாட்டோடு ஒற்றுமை சுட்டப்பட்டதும், 2015இலேயே அவர்கள் பெயர்கள் பாட்டின் ஆசிரியர் பட்டியலில் சேர்க்கப்பட்டு வருவாயில் பங்கும் ஒதுக்கப்பட்டது. தமிழிலும் அந்த வழக்கம் பாட்டு வெளிவருமுன்பே பின்பற்றப்படுமானால், பழையதை எடுத்தாள்வது குறித்த முணுமுணுப்பில் பெரும்பகுதிக்கு இடமிராது. இசையமைத்தவருக்கு அப்பால், அன்று கூடத்தில் அமர்ந்து பேஸும் டிரம்மும் வாசித்தவர்களுக்கும் அந்தப் பட்டியலில் ஓரிடம் உண்டா என்ற கேள்விக்கும் அப்போதுதான் விடை தேட முடியும்.