மரம் அறுக்க வந்தவர்களுக்கு ஒரு மேசை

கடலூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று மனு கொடுத்துப் பழகியவன்தான் நான். பட்டா மாறுதலுக்கு ஒரு முறை, அம்மாவின் முதியோர் உதவித்தொகைக்கு ஒரு முறை வந்திருக்கிறேன். இதையும் மனுவாகத்தான் எழுதிப் பார்த்தேன், வரவில்லை. மனு என்றால் ‘பொருள்’ என்று ஒரு வரி போட்டு, எனக்கு இன்னது வேண்டும் என்று எழுத வேண்டும். எனக்கு ஒன்றும் வேண்டாம். கம்மாபுரம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில், ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு மேசை போட வேண்டும். அதன் மேல் ஒரு நோட்டு இருக்க வேண்டும். அது யாருக்கு, எதற்கு என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடிகாலை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ‘தானே’ புயல் கரையேறியது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறிப் போக வேண்டிய ஊர் எங்களுடையது. புயல் நம்மை என்ன செய்துவிடும் என்று முதல் நாள் டீக்கடையில் பெரிய மனுஷன் மாதிரி பேசியது நான்தான். விடிந்து பார்த்தால், வாசலில் நின்ற வேம்பு பாதி எங்கள் ஓட்டின் மேலும் மீதி கிணற்றுக்குள்ளும் கிடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலா போச்சு, இந்தப் பக்கம் முந்திரி போச்சு. குடை பிடித்த மாதிரி நின்ற மரங்களெல்லாம் குடையைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி வேரோடு சாய்ந்து கிடந்தன.

அப்போது விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு வேலை. ப்யூஸ் கேரியர், கம்பத்தில் மாட்டுகிற இன்சுலேட்டர், கார்த்திகை சமயத்தில் அகல் விளக்கு. இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஷீட் பறந்துபோய், சூளைக்கு ஏற்ற அடுக்கி வைத்திருந்த பச்சைச் சாமான்கள் மழையில் கரைந்து மறுபடியும் களிமண்ணாகிக் கிடந்தன. கரண்ட் கம்பத்துக்குச் சாமான் செய்து பிழைத்தவன் வீட்டில் பொங்கல் தாண்டியும் சிமினி விளக்குதான் எரிந்தது.

புயலுக்கு மறுநாள் ராத்திரி, அதாவது டிசம்பர் 31, காலனியில் இருக்கும் மாதா கோயிலில் பாட்டுச் சத்தம் கேட்டது. மைக் இல்லை, மெழுகுவத்தி வெளிச்சம் மட்டும். கூரை போன சனங்கள் நடுராத்திரியில் புத்தாண்டுப் பூசை வைக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே படுத்தேன். திங்கட்கிழமை காலையில் அதே சனங்கள் கோடாரியும் வடக்கயிறுமாக எங்கள் தெருவுக்குள் வந்தார்கள். நெய்வேலிப் பக்கத்துப் பங்கிலிருந்து டெம்போவில் வந்த பையன்களும் கூட இருந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு மரம் அறுக்கும் மிஷின். அதை வைத்திருந்தவருக்குத் தச்சு வேலை. பலா மரம் அறுக்கும்போது பால் கசிந்து சங்கிலியில் அப்பிக்கொள்ளும். நிறுத்தி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மறுபடி ஓட்டுவார். சாய்ந்த மரத்தில் கிளை எந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று சுற்றிவந்து பார்த்துவிட்டுத்தான் மிஷினை வைப்பார். முறுக்கு தெரியாமல் வெட்டினால் கிளை தெறித்து நெஞ்சில் அடிக்கும் என்றார்.

அவர்களோடு ஒரு சிஸ்டர் வந்திருந்தார். அவர் கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. நான் சொல்ல வந்ததே அந்த நோட்டைப் பற்றித்தான்.

அதே வாரம் கிராம நிர்வாக அலுவலரும் நோட்டோடு வந்தார். வீடு முழுச் சேதமா, பகுதிச் சேதமா, ஆடு மாடு செத்ததா, முந்திரி எத்தனை ஏக்கர் என்று எழுதிக்கொண்டார். நிவாரணத் தொகைக்கு அது வேண்டும். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன், ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு எழுதினார் மனுஷன். சிஸ்டரின் நோட்டு வேறு மாதிரி. எந்த வீட்டுக் கதவு மரம் விழுந்து திறக்க முடியவில்லை, எந்தக் கிணறு மூடிப்போச்சு, எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள், எந்தச் சந்தில் மாட்டை வெளியே ஓட்ட வழியில்லை என்று இருந்தது. முதல் நோட்டு என்ன போச்சு என்று கேட்டது. இரண்டாவது நோட்டு, இன்றைக்கு எங்கே கை வேண்டும் என்று கேட்டது. இரண்டும் ஒரே தெருவில்தான் சுற்றின, ஒரு தடவைகூடச் சந்தித்துக்கொள்ளவில்லை.

சந்தித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மெயின் ரோட்டில் லாரி லாரியாக அரிசியும் போர்வையும் வந்து இறங்கின. ரோட்டோரத்து வீடுகளுக்கு நாலு போர்வை கிடைத்தது. உள்ளே ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த குடிசைகளுக்கு வழியில் கிடந்த மரத்தை நகர்த்த ஆள் இல்லாததால் ஒன்றும் போகவில்லை. அறுக்க வந்தவர்கள் பக்கத்துத் தெருவில்தான் இருந்தார்கள், அவர்களிடம் சொல்வார் இல்லை. ரோட்டில் விழுந்த புளியமரத்தைத் தொடவும் அவர்களுக்குப் பயம். அரசாங்க மரம், ஏலத்துக்குப் போகும், அறுத்தால் கேஸ் வருமோ என்று தயங்கித் தாண்டிப் போனார்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே, வழியை மறித்த மரத்தை அறுத்து ஓரமாக அடுக்கிவைக்கலாம், விறகை எடுத்துப் போகக் கூடாது என்று உங்கள் கையெழுத்தில் ஒரு வரி உத்தரவு இருந்திருந்தால் அந்தத் தயக்கம் வந்திருக்காது.

எங்கள் வீட்டுச் சங்கதி ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கிணற்றுக்குள் கிடந்த வேம்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தண்ணீர்ச் சொம்போடு வாசப்படி வரைக்கும் வந்தாள். காலனிப் பையன்களைப் பார்த்ததும் நின்றாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போனாள். பிளாஸ்டிக் மக் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். “பரவால்லம்மா, தண்ணி வச்சிருக்கோம்” என்று ஒரு பையன் டெம்போவிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தான். முகம் சுளிக்கவில்லை. கிணற்றைத் தூர்வாரி, தண்ணீர் தெளிந்த பிறகுதான் போனார்கள். மூன்றாம் நாள் அம்மா காலனிக்கு அரிசி கொடுத்தனுப்பினாள். அந்த மக்கைப் பற்றி நானும் அவளும் இன்றுவரை பேசியதில்லை.

சர்ச்சுக்காரர்கள் என்றதும் உங்கள் அலுவலகத்தில் சிலருக்கு ஒரு கேள்வி வரும், எனக்குத் தெரியும். உதவி என்ற பேரில் மதம் பரப்ப வந்துவிட்டால்? அரிசிப் பைக்குள் துண்டுப் பிரசுரம் வைத்தவர்களை நானும் ஒரு வெள்ளத்தில் பார்த்திருக்கிறேன். பொட்டலத்தில் தலைவர் படம் ஒட்டிய கட்சிக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே சீக்கு. நான் கேட்கும் மேசையில், உதவ வருகிறவர்கள் பெயர் எழுதும்போதே பேனர் கூடாது, பிரசுரம் கூடாது, போட்டோ கூடாது என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாதா கோயில்காரர்களுக்கும் அதுதான், மன்றத்துக்காரர்களுக்கும் ஜமாத்துக்காரர்களுக்கும் அதேதான். எங்கள் பக்கத்தில் இதெல்லாம் புதிதும் இல்லை. கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய கோயிலில் இருப்பவள் பெரியநாயகி. விருத்தாசலத்தில் விருத்தகிரீஸ்வரரோடு இருப்பவளும் பெரியநாயகி. இரண்டு பெரியநாயகிக்கும் நேர்ந்துகொள்கிற வீடுகள் இங்கே ஏராளம்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் நீங்கள். மாவட்டத்தின் அடிமட்டத்தில் வேலை செய்யும் தொண்டு அமைப்புகளைப் பேரிடர்ப் பணியில் ஈடுபட ஊக்குவிக்கலாம் என்று அதன் 30ஆம் பிரிவு சொல்கிறது. ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் நாடு முழுக்க 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் புயல் அடித்த மூன்றாம் நாள் தன் கோடாரியோடு தானாக வருகிறவன் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டான். சுனாமி வந்தபோது கடலூர்க் கரையில் பார்த்தோமே. பெரிய தொண்டு நிறுவனங்கள் வண்டி பிடித்து வந்து சேர்வதற்கு முன்னால், பக்கத்து ஊர் மாதா கோயில்களும் கோயில் மண்டபங்களும் பள்ளிவாசல்களும்தான் உலை வைத்தன.

அமெரிக்காவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று படித்தேன். அங்கே மென்னோனைட் சபையார் 1950லேயே பேரிடர் வேலைக்கு என்று தனி அமைப்பு வைத்துவிட்டார்கள். 1967இல் பியூலா புயல் டெக்சாஸை அடித்தபோது பாப்டிஸ்ட் சபையார் ஆரம்பித்த வேலை இன்றைக்கு மஞ்சள் சட்டைப் பட்டாளமாகியிருக்கிறது. மரம் அறுக்க ஒரு குழு, சேறு அள்ள ஒரு குழு, சமைக்க ஒரு குழு என்று பயிற்சி கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். 1969இல் கமீல் புயலின்போது ஆளாளுக்கு ஒரே இடத்தில் போய்க் குவிந்தார்கள், வேறு இடங்களை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பாடத்தில்தான் அடுத்த வருஷமே எல்லா அமைப்புகளும் ஒன்றாக உட்காரக் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். என்னை அசத்தியது இன்னொன்று. பேரிடர்ச் செலவில் உள்ளூர் நிர்வாகம் போட வேண்டிய பங்கு என்று ஒன்று உண்டு. தொண்டர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று முறையாக எழுதி வைத்திருந்தால், அந்த உழைப்பைப் பணமாகக் கணக்கிட்டு அந்தப் பங்கில் கழித்துக்கொள்ளலாம். இலவச உழைப்புக்கு அங்கே நோட்டில் இடம் இருக்கிறது. எங்கள் கிணற்றில் இறங்கியவனின் உழைப்பு எந்த நோட்டிலும் இல்லை.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் முடிந்து, சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டு, தென்பெண்ணை ஊருக்குள் வந்ததே, அப்போது அதே காலனிப் பையன்களோடு நானும் வேனில் ஏறிப் போனேன். ஆற்றோர வீடுகளில் முழங்கால் அளவு வண்டல். மண்வெட்டியால் வெட்டினால் வராது, தகரத்துண்டால் வழித்துப் பாண்டில் அள்ள வேண்டும். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளேயும் சேறு. புடவைகளை ஆளுக்கு ஒரு முனை பிடித்து முறுக்கிப் பிழிந்தோம், பழுப்புத் தண்ணீர் நிற்கவேயில்லை. மத்தியானம் ஒரு பையனின் பாதத்தில் உடைந்த கண்ணாடி ஏறிவிட்டது. ஊசி போட இடம் தேடி டூ வீலரில் ஒரு மணி நேரம் அலைந்தோம். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவன் வீட்டுக்கு யார் பதில் சொல்வது? அவன் யார் கணக்கிலும் இல்லாதவன்.

அந்த மேசையில் ஒரு நர்ஸும் இருக்கட்டும், கிளம்புகிறவனுக்கு அங்கேயே டிடி ஊசி போட்டு அனுப்பட்டும் என்று கேட்கிறேன். போகிறவனுக்கு அன்றைய தேதியில் ஒரு விபத்துக் காப்பீடு, பஞ்சாயத்துக்கு ஒன்று என்று மரம் அறுக்கும் மிஷின், ஒரு ஜோடி கையுறை. கிராம நிர்வாக அலுவலரின் நோட்டும் வந்திறங்குகிறவர்களின் நோட்டும் தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்த மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். எந்தச் சந்துக்கு நாளைக்கு ஆள் போக வேண்டும் என்பது தன்னால் தெரிந்துவிடும்.

விழுந்த முந்திரிக்குப் பதிலாக விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்று வைத்தேன். இப்போது காய்க்கிறது. அடுத்த புயலுக்கு அது நிற்குமா என்று உங்களிடம் கேட்க மாட்டேன்.

அந்த சிஸ்டர் மாற்றலாகிப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அவருடைய நாற்பது பக்க நோட்டு மட்டும் மாதா கோயில் அலமாரியில் இருக்கிறது, ஓரம் கரையான் அரித்திருந்தாலும் எழுத்து தெரிகிறது. மேசை போடும் அன்று வேண்டுமானால் எடுத்துத் தருகிறேன் என்று உபதேசியார் சொல்லியிருக்கிறார். வாங்கிக்கொண்டு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
கம்மாபுரத்துக்காரன் ஒருவன்