பொற்பனம்பழமும் வண்ணக் கயிறும்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் உள்ளது திருவரங்குளம். அரிதீர்த்தேஸ்வரரும் பெரியநாயகி அம்பாளும் எழுந்தருளியிருக்கும் சோழர் காலத் திருத்தலம். பூர நட்சத்திரத்தில் பிறந்தோர் வழிபட வேண்டிய தலம் என்பதால் வெளியூர் அன்பர்களின் வருகைக்கும் குறைவில்லை. இத்தலத்தின் வரலாற்றில் ஒரு வேடன் வருகிறான். அருகிலுள்ள பொற்பனைக்கோட்டையில் ஒரு பனைமரம் அவனுக்கு நாள்தோறும் பொன்னாலான பழம் ஒன்றைத் தந்தது. அது பொன் என்று அவன் அறியவில்லை. ஒரு வணிகனிடம் அதைக் கொடுத்து, அன்றைய வயிற்றுப்பாட்டுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினான். வணிகன் அறிந்திருந்தான், அறிந்தும் வாய் திறக்கவில்லை. பின்னாளில் செய்தி சோழ மன்னனின் செவிக்கு எட்டியது. அப்பொன் ஆலயத் திருப்பணிக்கு ஆயிற்று என்று தலவரலாறு கூறும்.

2023ஆம் ஆண்டு தமிழகத் தொல்லியல் துறை பொற்பனைக்கோட்டையில் அகழ்ந்தபோது பொன்னாலான சிறு மூக்குத்தி ஒன்று கிடைத்தது. புராணப் பழத்துக்கும் அந்த மூக்குத்திக்கும் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் அச்செய்தியைப் படித்த ஊர்ப் பெரியவர்கள் வேடனை ஒரு கணமேனும் நினைக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

அவ்வேடன் வஞ்சிக்கப்பட்டது சொந்த மண்ணில். இன்றோ இவ்வட்டாரத்துப் பெரியவர்கள் கடல் கடந்து போகிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிள்ளைகள் பணிபுரியும் குடும்பங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் மிகுதி. பேரனைப் பார்க்கப் போகும் தாத்தாவும் பாட்டியும் பத்துமலை முருகனையும் தரிசித்துவிட்டு, அப்படியே பாங்காக் வரை சென்று வருவதும் உண்டு. அங்கே சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். அரண்மனை வளாகத்து மரகத புத்தர் ஆலயத்தின் திருச்சுற்றில் இராமாயணம் முழுவதும் 178 சுவரோவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளது. ராம பக்தர்கள் காண வேண்டிய இடம்தான். ஆனால் அவ்வாயிலை அடையுமுன்பே ஒருவர் வழிமறிப்பார்.

அவர் திருடனைப் போல இருக்க மாட்டார். தூய வெள்ளைச் சட்டை, கனிவான பேச்சு. "இன்று விசேஷ பூஜை; பிற்பகல் வரை ஆலயம் மூடியிருக்கும். அதுவரை வேறு கோயில்களைப் பார்த்து வாருங்களேன்" என்பார். கோயிலில் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்துவதைப் பார்த்தே வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இது இயல்பாகவே படும். உடனே ஒரு டுக்-டுக் வண்டி வந்து நிற்கும். கூலி நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும். போய் இறங்கும் சிறு கோயிலில் தற்செயலாகச் சந்திப்பவர் போல ஒருவர் பேச்சுக் கொடுப்பார். இன்று ஒருநாள் மட்டும் அரசு சலுகையில் ரத்தினக் கற்கள் விற்கப்படுகின்றன என்றும், ஊரில் கொண்டுபோய் விற்றால் இருமடங்கு கிடைக்கும் என்றும் சொல்வார். வண்டிக்காரரும் அதையே சொல்வார். கடைக்காரரும் அதையே சொல்வார். பஞ்சதந்திரத்தில் அந்தணரின் தோளிலிருந்த ஆட்டை நாய் என்று நம்பவைத்த மூன்று போக்கிரிகளின் கதைதான் இது. ஒருவர் சொன்னால் சந்தேகம் வரும், தொடர்பில்லாத மூவர் சொன்னால் சந்தேகம் போய்விடும். மூவருக்கும் தரகு உண்டு என்பது ஊர் திரும்பிய பின்னரே விளங்கும். வாங்கிய கற்களை அஞ்சலில் வீட்டுக்கே அனுப்பிவிடுவதாகக் கடையில் சொல்வதும் உபசாரமன்று. மறுநாள் வேறொரு கடையில் காட்டி மதிப்புக் கேட்டுவிடக் கூடாதே என்ற முன்யோசனை.

ஆலயம் மூடியிருக்கிறதா என்பதை ஆலய வாயிலில் நிற்பவரிடம் கேட்க வேண்டும். வீதியில் நிற்பவரிடம் கேட்கக் கூடாது. இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாங்காக் கண்ணியிலிருந்து தப்பிவிடலாம்.

பாரிஸ் நகரின் கண்ணி வேறு வகை. லா சப்பெல் பகுதியில் 1985இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம் உள்ளது. ஆகஸ்ட் மாத இறுதியில் அங்கு தேர் ஓடும். சாலையெங்கும் தேங்காய் உடைபடும். அங்கிருந்து நடக்கும் தூரத்திலேயே மோன்மார்த்ர் குன்றும் அதன் மேலுள்ள வெண்ணிறத் தேவாலயமும் இருக்கின்றன. அக்குன்றின் அடிவாரப் படிகளில் இளைஞர்கள் சிலர் வண்ண நூல்களுடன் நிற்பார்கள். சிரித்துக்கொண்டே அருகில் வந்து, விரலிலோ மணிக்கட்டிலோ நூலைச் சுற்றிப் பின்னத் தொடங்குவார்கள். முடிச்சு விழுந்ததும் சிரிப்பு மறையும், பணம் கேட்பார்கள். நூல் இறுகியிருப்பதால் கையை உருவவும் முடியாது. அந்தத் தடுமாற்றத்தில் இன்னொருவர் கைப்பையில் கை வைப்பதும் உண்டு.

வெளிநாட்டார் பலர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நடந்துவிடுகிறார்கள். நம் பெரியவர்களால் அது இயலுவதில்லை. கயிறு என்றவுடன் கை தானே நீளும். அறுபது எழுபது ஆண்டுகள் காப்புக் கட்டிக்கொண்ட கை அது. நோன்புக் கயிறும் அம்மன் கோயில் மஞ்சள் கயிறும் கட்டிக்கொண்ட கை. ஒருவர் எதையேனும் நீட்டினால் இரு கரமேந்தி வாங்க வேண்டும், மறுத்தால் அபசாரம் என்றே பழகியிருக்கிறார்கள். திருடனுக்கு இந்துக்களின் வழக்கம் தெரியாது. ஆனால் மரியாதை தெரிந்தவர்களை அவனுக்கு நன்றாகத் தெரியும். நியூயார்க் போன்ற நகரங்களில் காவி உடுத்திப் பொன்னிறப் பதக்கத்தைக் கையில் திணித்து, கோயில் கட்ட நன்கொடை கேட்கும் போலித் துறவிகளும் இதே மரியாதையை நம்பித்தான் பிழைக்கிறார்கள். வீதியில் முன்பின் அறியாதவர் நீட்டுவது பிரசாதமன்று. அதை மறுப்பதில் பாவமும் இல்லை. இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, மறுமொழி சொல்லாமல், நடையை நிறுத்தாமல் போய்விடுவதே தக்கது. "வேண்டாம் தம்பி" என்று நின்று சொல்வதுகூட அவனுக்கு வாய்ப்பாகிவிடும்.

அதே பாரிஸில் சேன் நதிக்கரையோரம் இன்னொரு நாடகம் நடக்கும். முன்னால் போகும் ஒருத்தி குனிந்து ஒரு மோதிரத்தை எடுத்து, "உங்களுடையதா?" என்பாள். இல்லையென்றால், "தங்கம்; எனக்கு அளவு சேரவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டு, சற்றுப் பொறுத்துப் பசிக்கு ஏதாவது தரும்படி கேட்பாள். மோதிரம் பித்தளை. வேடன் பொன்னைப் பழமென்று எண்ணிக் கொடுத்தான். இங்கே பித்தளையைப் பொன்னென்று எண்ணி வாங்குகிறார்கள். வேடனிடம் அறியாமை மட்டுமே இருந்தது. இங்கே கொஞ்சம் ஆசையும் சேர்ந்துகொள்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

மலேசியாவில் பேச்சுக்கே இடமில்லை, மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துச் செல்வார்கள். கைப்பை சாலைப் பக்கத் தோளில் தொங்கக் கூடாது. வண்டிகள் எதிரே வரும் திசையை நோக்கி நடப்பது நல்லது. பத்துமலையின் 272 படிகளிலோ வானரங்களே முன்னின்று பறிக்கின்றன. அங்கே பழப்பையை மறைத்துக்கொண்டால் போதும்.

கழுத்துச் சங்கிலிதான் கடினமான விஷயம். மருமகள் தொலைபேசியில், "அத்தை, நகையெல்லாம் வேண்டாம், லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள்" என்பாள். "வெறுங்கழுத்தோடு சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் நிற்கச் சொல்கிறாயா?" என்பார் மாமியார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. திருமாங்கல்யத்தை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, சங்கிலியை ஊரில் வைத்துச் செல்லும் பழைய முறை இதற்குத் தீர்வு. மஞ்சள் கயிற்றைவிட மங்கலமானது எது? நகை அணிந்தே தீர வேண்டுமெனில், புறப்படும் விமான நிலையத்தில் சுங்கத் துறையினரிடம் காட்டிச் சான்று பெற்றுக்கொண்டால் திரும்பி வரும்போது வீண் விசாரணை நேராது.

இவற்றிலெல்லாம் போவது பணமும் பொருளுமே. உயிருக்கே உலை வைக்கும் ஒன்று விமான நிலையத்திலேயே தொடங்குகிறது. வரிசையில் நிற்கும் பெரியவரிடம் ஒரு தமிழ்க்குரல், "ஐயா, உங்களுக்கு எடை மிச்சம் இருக்கிறதே, இந்தப் பொட்டலத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், அங்கே என் தம்பி வாங்கிக்கொள்வான்" என்று கேட்கும். ஊர்க்காரராயிற்றே, ஊறுகாய்தானே என்று மனம் இளகும். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. பொட்டலம் யாரிடம் இருந்ததோ, உள்ளே இருப்பதை அவர் அறிந்திருந்தார் என்றே அந்நாட்டுச் சட்டம் முதலில் கொள்ளும். அறியவில்லை என்று மெய்ப்பிப்பது அவர் பொறுப்பு. முதுமையும் நெற்றியில் திருநீறும் அங்கே சாட்சியாக மாட்டா. இந்த ஒரு வேண்டுகோளுக்கு மட்டும், கேட்பவர் உறவினரே ஆனாலும், தம் கையால் திறந்து பார்க்காத எதையும் ஏற்கலாகாது.

ஏமாந்த பிறகு பெரியவர்கள் செய்யும் தவறு மௌனம். பிள்ளைகள் கோபிப்பார்களே, இனி தனியே வெளியே விடமாட்டார்களே என்று அஞ்சி மறைத்துவிடுகிறார்கள். வங்கி அட்டை போயிருந்தால் அந்த ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு ஆதாயம். பாஸ்போர்ட் தொலைந்தால் உடனே அவ்வூர்க் காவல் நிலையத்தில் புகாரளித்து அதன் நகலைப் பெற வேண்டும். அதனுடன் இந்தியத் தூதரகத்தை அணுகினால் நாடு திரும்புவதற்கென ஒருவழிப் பயணத்துக்கு அவசரச் சான்றிதழ் தருவார்கள். பாஸ்போர்ட்டின் நகல் தனியே இருந்தால் இவ்வேலை எளிதாகும். பிள்ளைகளும் முதலில் கேட்க வேண்டியது "அடிபடவில்லையே அம்மா?" என்பதுதான், "ஏன் போனீர்கள்?" என்பதை ஊர் வந்து கேட்டுக்கொள்ளலாம்.

எண்கள் எல்லாம் கைப்பேசிக்குள் இருக்கின்றன என்று இருந்துவிடக் கூடாது. முதலில் களவு போவது கைப்பேசியே. மகனின் எண், தங்கும் வீட்டு முகவரி, இந்தியத் தூதரக எண், தாய்லாந்தின் சுற்றுலாக் காவல் எண் 1155, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காவல்துறைக்கு 999. இவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, நான்காக மடித்து, அரிதீர்த்தேஸ்வரர் சந்நிதித் திருநீறு இருக்கும் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பையை எந்தத் திருடனும் தொடுவதில்லை.