வீட்டு வண்டியும் கைத்தொழிலும்

அமெரிக்க தேசத்தாருக்கு ஒரு விநோதமான ஆசை உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பி ஊர் சுற்ற வேண்டும். ஆனால் வீட்டையும் விட்டு வரக் கூடாது! இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற எழுந்ததே 'மோட்டார் ஹோம்' என்னும் வாகனம். படுக்கை, அடுப்பு, குளியலறை, தண்ணீர்த் தொட்டி யாவும் அதனுள் அடக்கம். அயோவா மாகாணத்து விண்ணபேகோ கம்பெனியார் 1966-ல் இவற்றைச் செய்யத் தொடங்கிய பின், நடுத்தரக் குடும்பத்தாரும் இவற்றை வாங்கலாயினர்.

நம்மிடம் பௌதிகம் பயின்ற மாணவர் ஒருவர் அந்நாட்டின் ஓரிகன் மாகாணத்தில் உத்தியோகத்தில் இருக்கிறார். இத்தகைய பழைய வண்டி ஒன்றை அவர் வாங்கியிருந்தார். அண்மையில் அவர் எழுதிய கடிதமே இவ்வாரம் நாம் பேனாவை எடுக்கக் காரணம். மேடு ஒன்றைக் கடந்தால் வண்டி மூன்று நான்கு முறை தலையாட்டுமாம்; பெரிய லாரி அருகே விரைந்தால் காற்றிலே ஒதுங்குமாம். ஷாக் அப்ஸார்பர்களை மாற்றப் பட்டறைக்காரர் கேட்ட கூலியோ சாமான்களின் விலையை விட அதிகம். ஆகவே தாமே மாற்றிவிட்டதாக எழுதியிருந்தார்.

ஷாக் அப்ஸார்பர் என்னும் பெயரே சற்றுப் பொய்யானது. பாதையின் அதிர்ச்சியை ஏற்பது வில்பட்டை. ஆனால் ஒரு முறை அமுங்கிய வில், தள்ளிவிட்ட ஊஞ்சலைப் போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே இக்குழாயின் தொழில். ஆங்கிலேயர் இதனை 'டாம்பர்', அதாவது தணிப்பான், என்று அழைப்பதே பொருத்தம். குழாயினுள் எண்ணெய் நிறைந்திருக்கும். அதில் சிறு துளைகளையுடைய பிஸ்டன் ஒன்று மேலும் கீழும் செல்லும். எண்ணெய் அத்துளைகளின் வழியே வருந்தி நுழைகையில், ஆட்டத்தின் சக்தி உஷ்ணமாக மாறிக் காற்றிலே கலந்துவிடுகிறது.

ஆதலின் குழாயைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும் நல்ல குழாய் வெதுவெதுப்பாயிருக்கும். மற்றவை சூடாயிருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது உயிரற்றது என்று அறியலாம். வெளியே எண்ணெய் வழிந்திருப்பினும் அவ்வாறே. சிறிய காரை மூலையில் அமுக்கிப் பார்ப்பதுபோல, சுமார் 10,000 கிலோ எடையுள்ள வண்டியை அமுக்கிப் பார்க்க இயலாது. மேலும், சரக்கு லாரி ஒரு வழி பாரத்தோடு சென்று மறுவழி காலியாகத் திரும்பும். வீட்டு வண்டிக்கோ என்றும் முழுப் பாரமே.

இனி அபாயத்தைச் சொல்வோம். நம் மாணவர் ஒற்றை ஜாக்கியால் வண்டியைத் தூக்கி, அதன் கீழே நுழையவிருந்தார். அண்டை வீட்டு முதியவர் ஒருவர் காலைப் பிடித்து இழுக்காத குறையாகத் தடுத்தாராம். ஜாக்கி தூக்குவதற்கே அன்றித் தாங்குவதற்கன்று. தூக்கினால் உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்திய பின்னரே உள்ளே செல்ல வேண்டும். காற்றுப் பைகளின் மேல் அமர்ந்த வண்டியாயின் எச்சரிக்கை இருமடங்கு வேண்டும். பையில் காற்று இறங்கினால் சட்டம் முழுதும் கீழே அமரும். நடுவில் அகப்பட்டவர் பிழைப்பது அரிது.

வில்பட்டைகளின் மேல் நிற்கும் பெரிய வண்டிகள் பலவற்றில், தூக்காமலே வேலை செய்ய இடமிருக்கும். சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தால் போதும். அவரும் அவ்வாறே செய்தார். துருவேறிய நட்டுகளுக்கு முன்தினமே துரு நீக்கும் எண்ணெய் இட்டார். துரு கண்ணில் விழாதபடி கண்ணாடி அணிந்தார். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து அளவு பார்த்தார். ஒரே அச்சிலுள்ள இரண்டையும் ஒருங்கே மாற்றினார். வாயு அடைத்த குழாய்கள், கட்டியிருக்கும் பட்டையை அறுத்ததும் தாமே நீளும். அதற்கேற்ப ஒரு முனையை முதலில் பூட்டினார். ரப்பர் புஷ் முறுக்கிக் கிழியாதிருக்க, பாரம் சக்கரத்தின் மேல் இருக்கையிலேயே நட்டுகளை இறுதியாக இறுக்கினார். சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் அவற்றைச் சோதித்தார். இப்போது வண்டி ஒரு முறை தாழ்ந்து எழுந்து அமைதியாகச் செல்கிறதாம்.

கடிதத்தின் முடிவில் அவர் எழுதிய வரிகள் நம்மைச் சுட்டன. "ஐயா, அலைவு தணிவதைப் பற்றிய வினாவுக்குத் தங்களிடம் முழு மதிப்பெண் வாங்கினேன். ஆயினும் ஸ்பானரை எப்பக்கம் திருப்பினால் நட்டு கழலும் என்பது முப்பத்தைந்தாம் வயதிலேதான் தெரிந்தது."

குற்றம் அவருடையதன்று, நம்முடையதே. கைத்தொழிலின் வழியே கல்வி புகட்ட வேண்டுமென்று 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் வற்புறுத்தினார். அதனைப் பாடமாகச் சொல்லி, பரீட்சையில் வினாவாகவும் கேட்டோமேயன்றி, மாணவர் கையில் ஒரு கருவியையும் கொடுத்தோமில்லை. எண்ணெய் படிந்த கையைப் படிப்பில்லாதவன் கை என்று எண்ணும் சமூகத்தில் சுதந்திரம் பாதியளவே வந்திருக்கிறது.

சென்ற திங்களன்று பழைய ஸ்கூட்டர் தணிப்பான் ஒன்றை வகுப்புக்குக் கொண்டு சென்றோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக அமுக்கிப் பார்த்தனர். கரும்பலகையில் அன்று நாம் ஒரு சூத்திரமும் எழுதவில்லை. மணி அடித்த பிறகும் எவரும் எழுந்திருக்கவில்லை.